கம்பி கை மாறும் இடம்: 'என்எச் 10' படமும் அதற்குப் பின்னால் இருக்கும் வழக்கும்

டெல்லியிலிருந்து மேற்கே பகதூர்கர், ரோத்தக், ஹிசார், சிர்சா என்று ஹரியானாவைக் குறுக்கே கடந்து பஞ்சாபுக்குள் நுழையும் சாலைக்கு ஒரு காலத்தில் தேசிய நெடுஞ்சாலை 10 என்று பெயர். 2010ல் நாடு முழுக்க நெடுஞ்சாலை எண்களை மாற்றி அடுக்கினார்கள். அந்தச் சாலை இப்போது 9. பத்தாம் எண் சிலிகுரியிலிருந்து காங்டாக்குக்கு ஏறும் மலைப்பாதைக்குப் போய்விட்டது. ஆனாலும் 2015 மார்ச்சில் வெளிவந்த ஓர் இந்திப் படத்துக்குப் பழைய எண்ணே பெயராக நின்றது: 'என்எச் 10'. அனுஷ்கா சர்மா நடித்தது. அவரும் அவருடைய அண்ணன் கர்ணேஷும் தொடங்கிய கம்பெனியின் முதல் தயாரிப்பும் இதுதான். அப்போது அவருக்கு வயது 26. அந்த வயதில் இந்தி நாயகிகள் சொந்தக் காசைப் போட்டால் காதல் படத்தில் போடுவார்கள். இவர் இரும்புக் கம்பியில் போட்டார்.

பத்து வருஷம் கழித்து இந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. பெண் பழிவாங்கும் படம் என்றாலே நம் விமர்சனங்களில் இரண்டே கேள்விகள்தான் வரும். ரத்தம் ரொம்ப அதிகமா? குடும்பத்தோடு பார்க்கலாமா? அதற்கு மேல் யாரும் போவதில்லை. இந்த மாதிரிப் படம் உள்ளே எப்படி வேலை செய்கிறது, எதைக் காட்டுகிறது, எதை மறைத்தால்தான் அதனால் நிற்க முடிகிறது என்று பார்க்க 'என்எச் 10' நல்ல உதாரணம். கதையை முழுவதும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

மீராவும் அர்ஜுனும் குர்கானில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் தம்பதி. இருவருக்கும் நல்ல சம்பளம். ஓர் இரவு மீரா தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது பைக்கில் வந்தவர்கள் கண்ணாடியை உடைக்கிறார்கள். எப்படியோ தப்பித்துவிடுகிறாள். புகார் கொடுக்கப் போன இடத்தில் போலீஸ் அதிகாரி, ஊர் வளர்கிற குழந்தை மாதிரி, துள்ளத்தான் செய்யும் என்கிற தோரணையில் பேசி, ஒரு துப்பாக்கி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். இது வெறும் வசன ஜாலம் இல்லை. குர்கான் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001ல் 8.7 லட்சம், 2011ல் 15.1 லட்சம். கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்த அந்த ஊருக்கு 2008 வரை மாநகராட்சியே கிடையாது. கட்டடம் முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது. இரவில் வேலைக்குப் போகும் பெண்ணின் பாதுகாப்பு அவரவர் பை சம்பந்தப்பட்ட விஷயம், ஆகவே பைக்குள் ஒரு கைத்துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கியை இயக்குநர் நவ்தீப் சிங்கும் எழுத்தாளர் சுதீப் சர்மாவும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் படத்தின் முதல் நல்ல விஷயம். வேறு படமாக இருந்தால் அது நாயகியைக் காப்பாற்றியிருக்கும். இங்கே அதுதான் இருவரையும் குழிக்குள் தள்ளுகிறது. பிறந்தநாளைக் கொண்டாட வெளியூர் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு தாபா. அங்கே பிங்கி என்ற இளம்பெண்ணையும் அவள் கணவனையும் அவளுடைய அண்ணன் சத்பீரும் ஆட்களும் அடித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். அர்ஜுன் தடுக்கப் போக, சத்பீர் அவன் கன்னத்தில் ஓர் அறை விடுகிறான். அவ்வளவுதான். மீரா வேண்டாம், போய்விடலாம் என்கிறாள். அர்ஜுனுக்கு அந்த அறை கன்னத்திலேயே நிற்கிறது. கையில்தான் துப்பாக்கி இருக்கிறதே, லேசாக மிரட்டிவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்புகிறான். பிங்கி மேல் கொண்ட இரக்கத்தைவிடப் பட்ட அவமானம்தான் அவனை ஓட்டுகிறது. இந்தச் சின்ன இடத்தில் படம் சத்பீரையும் அர்ஜுனையும் ஒரே தராசில் வைத்துவிடுகிறது. இருவருக்கும் போனது மானம். ஒருவன் அதற்காகத் தங்கையைக் கொல்கிறான், இன்னொருவன் அதற்காக மனைவியைக் காட்டுக்குள் கூட்டிப்போகிறான்.

இனி வன்முறைக்கு வருவோம். பிங்கியும் அவள் கணவனும் கொல்லப்படும் காட்சியை மீராவும் அர்ஜுனும் மறைந்திருந்து பார்க்கிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்துதான் பார்க்கிறோம். கத்த முடியாது, ஓட முடியாது. கம்பியால் அடிக்கிறார்கள். அந்தக் கம்பிக்கு டெல்லி வட்டாரத்தில் அப்போது தனியாக ஓர் அர்த்தம் இருந்தது. 2012 டிசம்பர் 16 இரவு ஓடும் பேருந்துக்குள் நிர்பயாவுக்கு நடந்ததை நாளிதழ்களில் படித்த யாருக்கும் இரும்புக் கம்பி என்ற சொல்லைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. இயக்குநருக்கு அது தெரியும். ஆகவே காட்சியை நீட்டி ரசிக்க வைக்கவில்லை, பார்க்கிறவர்களின் முகத்தில் பாதி நேரத்தைச் செலவழிக்கிறார்.

வன்முறைக் காட்சியை எடைபோட நமக்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே உண்டு. சேகர் கபூரின் 'பேண்டிட் குயின்' படத்துக்கு எதிரான வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. காட்சியில் என்ன காட்டுகிறார்கள் என்பது முக்கியமில்லை. பார்ப்பவனுக்குள் அருவருப்பும் இரக்கமும் எழுகிறதா, இல்லை கிளர்ச்சி எழுகிறதா என்பதே கேள்வி. பாலியல் காட்சியை வைத்துச் சொல்லப்பட்டது, அடிதடிக்கும் அப்படியே பொருந்தும். பிங்கியின் கொலை இந்தச் சோதனையில் தேறிவிடும். கடைசி அரைமணி நேரம் தேறுமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தணிக்கைக் குழு இதையெல்லாம் எப்படிப் பார்த்தது? மார்ச் 6 வரவேண்டிய படம் அவர்களிடம் சிக்கி ஒரு வாரம் தள்ளி, 13ஆம் தேதி வந்தது, 'ஏ' சான்றிதழோடு. 'ஏ' என்றால் தியேட்டரில் கூட்டம் குறையும் என்பது மட்டுமில்லை, அப்படியே டிவியில் போடவும் முடியாது. வெட்டி மறுசான்று வாங்க வேண்டும். புதிதாகக் கம்பெனி தொடங்கிய ஒருவர் இதைத் தெரிந்தே செய்தார் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இந்தியில் பெண்ணின் பழிவாங்கலுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1980ல் பி.ஆர். சோப்ராவின் 'இன்சாஃப் கா தராஸூ'. ஜீனத் அமன் தன்னைச் சீரழித்தவன் கோர்ட்டில் தப்பித்து, பிறகு தன் தங்கையையும் சீரழித்ததும் அவனைச் சுட்டுக் கொல்கிறார். ஆனால் படம் அங்கே முடியாது. மறுபடி கோர்ட்டுக்குப் போய், நீண்ட பேச்சுப் பேசி, நீதிமன்றத்தின் வாயாலேயே நியாயம் வாங்கித்தான் முடியும். 1987ல் 'பிரதிகாத்', தெலுங்கில் விஜயசாந்தி நடித்ததன் இந்தி வடிவம். நடுத்தெருவில் மானபங்கப்படுத்தப்பட்ட ஆசிரியை, பொது மேடையில் வைத்துக் கோடரியை வீசுகிறாள். 1988ல் ஒரே வருஷத்தில் டிம்பிள் கபாடியாவின் 'ஜக்மி அவுரத்' வந்தது, ரேகாவை முதலைக்குத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் சர்ஜரி செய்து திரும்பக் கொண்டுவந்த 'கூன் பரி மாங்' வந்தது. இரண்டாவதை இப்போது பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் ரேகா குதிரையில் வரும்போது விசில் அடிக்காமல் இருக்க முடியாது, அது வேறு.

இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நுழைவாயில்தான். முதலில் அவள் மேல் பாலியல் வன்முறை நடக்க வேண்டும், அப்புறம்தான் ஆயுதம் எடுக்க உரிமை கிடைக்கும். 2004ல் ஸ்ரீராம் ராகவன் 'ஏக் ஹசீனா தி'யில் அந்த வாயிலை மூடிவிட்டு, ஏமாற்றிச் சிறைக்கு அனுப்பப்பட்டவளின் பழியாக மாற்றினார். 'என்எச் 10' வேறொரு வழியில் வாயிலைத் தவிர்க்கிறது. மீராவை அவர்கள் துரத்தும் காரணம் அவள் சாட்சி என்பதும், கைகலப்பில் அவர்கள் கூட்டத்துச் சின்னப் பையன் ஒருவன் அவள் கைத்துப்பாக்கியால் செத்துப்போவதும்தான். அவள் கையிலும் ரத்தம் முன்கூட்டியே பட்டுவிடுகிறது. சுத்தமான பாதிக்கப்பட்டவள் என்ற சலுகையைப் படம் அவளுக்குக் கொடுக்கவில்லை. இது துணிச்சல்.

காயம்பட்ட அர்ஜுனை ஒரு பாலத்தடியில் விட்டுவிட்டு உதவி தேடி ஓடுகிறாள். ஒரு போலீஸ்காரர் விஷயம் இன்னதென்று தெரிந்ததும் கைகழுவி விடுகிறார். இன்னொரு அதிகாரி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, சாதி என்ன என்று பேச்சை இழுக்கிறார். குர்கானின் கடைசி மால் முடிகிற இடத்தோடு உங்கள் ஜனநாயகமும் அரசியல் சட்டமும் முடிந்துபோகிறது என்று சொல்பவர் அவர்தான். படத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் மேற்கோள் காட்டிய வசனம். சொல்லிவிட்டு அவளைக் கொண்டுபோய் அந்தக் கும்பலிடமே சேர்க்கப் பார்க்கிறார். பேனாவால் குத்திவிட்டுத் தப்பிக்கிறாள்.

இந்த வசனத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். படம் வந்தபோதே இதில் மனோஜ்-பப்லி வழக்கின் சாயல் இருக்கிறது என்று பேசினார்கள். ஹரியானாவின் கைத்தல் மாவட்டத்தில் கரோரா என்ற ஊர். இருவரும் ஒரே கோத்திரம். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் ஒரே கோத்திரத்தில் கல்யாணம் செய்வதைத் தடுக்கவில்லை. ஆனால் ஊர்க் கணக்கில் அவர்கள் அண்ணன் தங்கை. சாதிப் பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லும் காப் பஞ்சாயத்து, கல்யாணம் செல்லாது என்றது, மனோஜின் குடும்பத்தை ஒதுக்கிவைத்தது. 2007 ஜூனில் இருவரும் கைத்தல் நீதிமன்றத்துக்கு வந்து, மனமொத்துத்தான் கல்யாணம் செய்தோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். போலீஸ் பாதுகாப்பு கொடுக்கப்பட்டிருந்தது. போலீசார் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனார்கள். பஸ்ஸை மறித்து இருவரையும் இழுத்துப் போனார்கள் பெண் வீட்டார். சில நாள் கழித்து உடல்கள் கால்வாயில் கிடைத்தன.

இதுவரை படத்தின் வசனம் சரி. மாலுக்கு அப்பால் சட்டம் இல்லை.

ஆனால் வழக்கு இங்கே முடியவில்லை. மனோஜின் தாய் விடவில்லை. ஊரே ஒதுக்கிவைத்து, மிரட்டி, சமாதானமாகப் போகச் சொல்லியும் சாட்சிக் கூண்டில் ஏறினார். 2010 மார்ச்சில் கர்னால் நீதிமன்றம் ஐந்து உறவினர்களுக்குத் தூக்கும் காப் தலைவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. கௌரவக் கொலைக்கு இப்படி ஒரு தீர்ப்பு அதற்கு முன் அந்த வட்டாரம் கேள்விப்படாதது. எழுதியவர் வாணி கோபால் சர்மா என்ற பெண் நீதிபதி. கொதித்துப்போன காப் தலைவர்கள் அடுத்த மாதமே குருக்ஷேத்திரத்தில் கூடி, திருமணச் சட்டத்தையே திருத்து என்றார்கள். மறு வருஷம் உயர் நீதிமன்றம் நான்கு பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, காப் தலைவரை விடுவித்தும் விட்டது. முழு வெற்றி என்று சொல்ல முடியாதுதான். ஆனால் கர்னால் எங்கே இருக்கிறது? குர்கானின் கடைசி மாலுக்கு ரொம்ப தூரம் அப்பால்.

அதே 2011 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், காப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை, ஒழிக்கப்பட வேண்டும் என்று எழுதியது. தீர்ப்பின் வாசகத்திலேயே காப் பஞ்சாயத்துக்கு இணையாகக் கட்டப் பஞ்சாயத்து என்ற நம் ஊர்ச் சொல் இருக்கிறது. ஹரியானாவைப் பார்த்து முகம் சுளிக்கும் தமிழ் விமர்சகர்கள் (நானும்தான்) அந்தப் பத்தியை ஒரு தடவை படித்துவிட்டு எழுத உட்காரலாம்.

ஆக, பழிவாங்கும் படம் ஓட வேண்டுமானால் சட்டம் செத்திருக்க வேண்டும். பாதி உயிரோடு, நொண்டிக்கொண்டு, ஒரு கிராமத்துத் தாய் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் சட்டம் இருந்தால் திரைக்கதைக்கு ஆகாது. நாயகி கம்பியைக் கையில் எடுக்கும் கணத்தில் அது இடைஞ்சல். எனவே எழுத்தாளர் மனோஜின் தாயைப் போன்ற ஒருத்தியைக் கதையிலிருந்து எடுத்துவிடுகிறார். நீதிபதியையும் எடுத்துவிடுகிறார். அந்த ஊரில் மீராவுக்கு நிஜமாக உதவுகிறவர்கள்கூட அந்த ஊர்க்காரர்கள் இல்லை, பீகாரிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர் தம்பதி. ஹரியானாக்காரர்களில் எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. படம் முழுவதையும் நாம் ஒரு குர்கான் காரின் முன்கண்ணாடி வழியாகவே பார்க்கிறோம் என்ற குற்றச்சாட்டு அப்போதே வந்தது. அதில் நியாயம் இருக்கிறது.

பழுது அது. ஆனால் தாயையும் நீதிபதியையும் எடுத்த இடத்தில் படம் ஒரு பெண்ணை வைக்கிறது பாருங்கள், அவளுக்காக நிறைய மன்னிக்கலாம். ஓடிக் களைத்த மீரா ஊர்த் தலைவி வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். பெண் தலைவி, நியாயம் கிடைக்கும் என்று நம்பி நடந்ததையெல்லாம் சொல்கிறாள். அம்மாஜி அமைதியாகக் கேட்டுக்கொள்கிறாள். அவள்தான் பிங்கியின் அம்மா என்பது மீராவுக்கு அப்புறம்தான் தெரிகிறது. அம்மாஜியாக நடித்தவர் தீப்தி நவல். 1981ல் 'சஷ்மே பத்தூர்' படத்தில் வீடு வீடாகப் போய்ச் 'சம்கோ' சோப்புத் தூள் விற்ற அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். ஒரு தலைமுறையே காதலித்த முகம். அந்த முகத்தில் இங்கே கோபம்கூட இல்லை. மகளைக் கொல்லச் சொன்னதை, செய்ய வேண்டியிருந்தது, செய்தோம் என்கிற கணக்கில் சொல்கிறாள். சத்பீராக வரும் தர்ஷன் குமாரின் தேர்வும் இதே மாதிரிதான். முந்தைய வருஷம்தான் 'மேரி கோம்' படத்தில் மனைவி குத்துச்சண்டைக்குப் போக, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கணவனாக வந்தார். நல்ல அம்மா, நல்ல கணவன் என்று நாம் நம்பிய முகங்களையே கொலைக்கு வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

2011 கணக்கெடுப்பில் ஹரியானாவில் 1000 ஆண்களுக்கு 879 பெண்கள். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 834. மாநிலங்களிலேயே கடைசி. பெண் குழந்தைகளைக் காப்போம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2015 ஜனவரி 22ல் அந்த மாநிலத்தின் பானிபட்டில்தான் தொடங்கப்பட்டது. ஏழு வாரம் கழித்து இந்தப் படம். அம்மாஜி அந்த எண்களுக்குள் வாழ்கிறவள். பெண் பிறப்பதையே வேண்டாம் என்று முடிவெடுக்கும் வீடுகளில் அந்த முடிவைச் செயல்படுத்தும் கை பல நேரம் வீட்டுப் பெரியவளின் கைதான். படம் இதைப் பேச்சாகப் பேசவில்லை, வீட்டுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்திருக்கிறது.

இப்போது கடைசி அரைமணி நேரம். அர்ஜுனும் செத்துக் கிடப்பதைப் பார்த்த மீராவுக்கு ஊரைவிட்டுப் போக வழி இருக்கிறது. திரும்பி வருகிறாள், வண்டியோடும் இரும்புக் கம்பியோடும். ஒவ்வொருவராக முடிக்கிறாள். சத்பீர் கால் நொறுங்கித் தவழ்ந்து போகும்போது அவசரப்படவில்லை. உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைக்கிறாள். அவன் எவ்வளவு தூரம் போவான் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சிகரெட் எரியும் நேரம் வரை நாமும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பிறகு கம்பியை எடுத்துக்கொண்டு எழுகிறாள்.

சென்னையில் இரவுக் காட்சிக்குப் போயிருந்தேன், பாதி நாற்காலிகள் காலி. வண்டி முதல் ஆள் மேல் ஏறியபோது பின்வரிசையில் இரண்டு பேர் விசில் அடித்தார்கள். சிகரெட் காட்சியில் விசில் நின்றுபோனது. யாரோ இருமினார்கள். ஒரே பழிவாங்கலுக்குள் படம் இரண்டு மாதிரியும் செய்கிறது என்பதற்கு எனக்கு அந்த அரங்கம்தான் சாட்சி. வண்டி ஏற்றும் காட்சிகள் விசிலுக்காக எடுக்கப்பட்டவை, உச்ச நீதிமன்றத்தின் அளவுகோலில் அவை தேறாது. சிகரெட் காட்சி தேறும். அதில் மீரா சத்பீரைப் போலவே ஆகிவிடுகிறாள், அது அவள் முகத்தில் தெரிகிறது, அதைப் பார்க்க நமக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அம்மாஜி வந்து நிற்கும்போது, அவள் முன்பு சொன்ன அதே வாசகத்தை மீரா அவளிடமே திருப்பிச் சொல்கிறாள். செய்ய வேண்டியிருந்தது, செய்தேன். வெற்றிக் குரலில் சொல்லவில்லை. கம்பி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு வந்துவிட்டது, அதோடு வந்த நியாயமும் அதே பழைய நியாயம்தான். கோர்ட் இல்லை, விடுதலை இல்லை, அடுத்து என்ன என்ற பேச்சும் இல்லை. நடந்து போகிறாள்.

அண்மையில் மறுபடி பார்த்தபோது மனதில் தங்கிப்போனது இவை எதுவும் இல்லை. ஆரம்பத்தில் தாபாவில் வரும் ஒரு சின்ன இடம். மீரா கழிப்பறைக்குள் போகிறாள். கதவின் உட்பக்கத்தில் பெண்களைத் திட்டும் அந்த வசவை யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். யாருக்கும் குறிப்பாக எழுதியதில்லை, அங்கே வரும் எந்தப் பெண்ணுக்கும் எழுதியது. இன்னும் துரத்தல் தொடங்கவில்லை, யாரும் சாகவில்லை. கையை நீட்டி, எழுத்து போகும்வரை அழுத்தித் தேய்த்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள்.